யார் கணக்கில் எழுதுவது?

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வரவு செலவு நோட்டு இருக்கிறது. சில வீடுகளில் அது மேஜை மேல் இருக்கும். பல வீடுகளில் குடும்பத் தலைவியின் மனத்துக்குள் இருக்கும். பால், அரிசி, மின்சாரம், பள்ளிக் கட்டணம், மருந்து, கல்யாண மொய் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ஆனால், நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், "எனக்குப் படிக்க வேண்டும்போல் இருக்கிறது" என்று சொன்னால், அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நமக்குத் தெரிவதில்லை. குழந்தையின் படிப்பு என்றால் அது கடமை. கிழவரின் மருந்து என்றால் அதுவும் கடமை. நடு வயதுக்காரரின் படிப்பு கடமையா, ஆசையா, ஆடம்பரமா?

இதை ஒரு தத்துவ விசாரமாக நான் எழுப்பவில்லை. ஒரு நாள் இந்தக் கேள்வி என் எதிரே காபி டம்ளருடன் வந்து நின்றது. நான் தவறான விடை சொன்னேன்.

என் தங்கை 1990-ல் தஞ்சாவூரில் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அப்போது நல்ல இடம் ஒன்று வந்தது. "கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கலாமே, நாங்களா வேண்டாம் என்கிறோம்?" என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் சொல்லப்படும் வாக்குறுதிகளில் நகையையும் பாத்திரத்தையும் பற்றியவை மட்டுமே காகிதத்தில் ஏறுகின்றன. மற்றவை காற்றோடு போகின்றன. அவள் புத்தகங்களை எங்கள் அம்மா ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்தாள்.

2009-ல் அவள் கணவர் மாரடைப்பில் காலமானார். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கராக இருந்தவர். அவருடைய சேமநிதியும் இன்ஷூரன்ஸ் தொகையும் வந்தன. நான்தான் யோசனை சொல்லி அதைப் பாங்கியில் நிரந்தர டெபாசிட்டாகப் போட வைத்தேன். வட்டி வரும், மீதிக்கு அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்தாள். நான் திருச்சியில் இருந்து மாதம் ஒரு தரம் போய் நோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். "அண்ணன் பார்த்துக்கொள்கிறான்" என்று உறவினர்கள் சொல்லும்போது எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

2012 மே மாதம். அவள் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். இஞ்சினீயரிங் கல்லூரிக்கு என்ன செலவு ஆகும், பாங்கியில் கல்விக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தங்கை காபியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகாமல் நின்றாள்.

"அண்ணா, நானும் விட்ட படிப்பை முடிச்சுடலாம்னு பார்க்கிறேன். தபால் மூலமாப் படிக்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்புக்குப் போனால் போதுமாம்."

நான் பேனாவை மூடவில்லை. "இந்த வயசிலே எதுக்கும்மா?" என்றேன். பிறகு குரலை இளக்கிக்கொண்டு, "முதல்லே இவள் படிப்பு முடியட்டும். நாலே வருஷம். அப்புறம் நீ தாராளமாப் படி" என்றேன்.

"சரி அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நம் வீட்டுப் பெண்களின் "சரி"க்கு எத்தனையோ பொருள் உண்டு. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தப் பொருள்களில் ஏழெட்டையாவது அறிந்தவன் என்று பெயர். ஆனாலும் அன்று அந்தச் சொல்லைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். பொறுப்புள்ள மனிதன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட திருப்தியோடு பஸ் ஏறப் போனேன். பஸ் நிலையத்துக் கடையில் இரண்டு புத்தகங்கள் கண்ணில் பட்டன. 450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அவற்றை எடுத்துத் தூசி தட்டி அலமாரியில் வைத்தாள். "இந்த வயசிலே எதுக்கு?" என்று அவள் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி கேட்கப்படலாம் என்பதே எனக்கு அன்று தோன்றவில்லை.

நான் சொன்ன காரணத்தை இப்போது எடுத்து வைத்துப் பார்க்கிறேன். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கையில் இருப்பது குறைவு. கேட்கும் கைகள் இரண்டு. ஒன்று பதினேழு வயதுக் கை, மற்றொன்று நாற்பத்தொரு வயதுக் கை. யாருக்கு முதலில் கொடுப்பது என்றால் பதினேழுக்குத்தான். எந்தத் தாயும் அதை மறுக்க மாட்டாள். என் தங்கையும் மறுக்கவில்லை. நான் செய்த பிழை வேறு. 'முதலில்' என்ற சொல்லை 'மட்டும்' என்ற பொருளில் சொன்னேன். முதல் பந்தி முடிந்த பிறகு இரண்டாம் பந்தி உண்டு என்பதும், முதல் பந்தியோடு இலை முடிந்துவிட்டது என்பதும் ஒன்றாகுமா? நாலு வருஷம் கழித்துப் பெண்ணின் கல்யாணம் வரும். அதற்குப் பிறகு பிரசவம். அதற்குப் பிறகு பேரக் குழந்தை. 'அப்புறம்' என்று நான் குறித்த நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத நாள். வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு என்று அறிந்த நான், காத்திருப்புக்கும் ஒரு வட்டி உண்டு என்று எண்ணிப் பார்க்கவில்லை. கண் மங்குகிறது, நினைவு தளர்கிறது, துணிவு குறைகிறது. அந்த வட்டியைக் கட்டுகிறவர் காத்திருப்பவர்தான்.

வயது ஆனபின் படிப்பதை நாம் வெறுக்கிறோம் என்றும் சொல்ல முடியாது. 2018-ல் கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா என்ற 96 வயது மூதாட்டி எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மதிப்பெண் வாங்கினார். நாடு முழுவதும் அவர் படம் பத்திரிகைகளில் வந்தது. நானும் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். நாலு பேரிடம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. 96 வயதில் ஒருவர் படித்தால் பத்திரிகையில் படம் போடுகிறோம்; 41 வயதில் ஒருவர் படிக்கக் கேட்டால் வீட்டில் வழக்கு வைக்கிறோம். காரணம் எளிது. 96 வயதுக்காரர் படிக்க உட்கார்ந்தால் யாருடைய சாப்பாடும் தாமதமாகாது. 41 வயதுக்காரர் உட்கார்ந்தால் ஒரு வீடே சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மூதாட்டியைப் பாராட்டியதில் நமக்குச் செலவு ஒன்றும் இல்லை. செலவில்லாத இடத்தில் நாம் எல்லோரும் தாராள மனசுக்காரர்கள்தாம்.

இந்த மனப்பான்மை இன்று நேற்று வந்ததன்று. வாழ்க்கையை நான்கு நிலைகளாகப் பிரித்தவர்கள் கல்வியை முதல் நிலையிலேயே வைத்து மூடிவிட்டார்கள். இரண்டாம் நிலை இல்லறம். அதில் இருப்பவன் மற்ற மூவருக்கும் கொடுக்கிறவன், வாங்குகிறவன் அல்லன் என்று ஆயிற்று. திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்த வரிசை எனக்கு இதைவிட ஆறுதலாக இருக்கிறது. 40-ஆம் அதிகாரம் கல்வி. அடுத்தது கல்லாமை. அதோடு கதவைச் சாத்தாமல் 42-ஆம் அதிகாரமாகக் கேள்வியை வைத்தார். படிக்காமல் போனவனும் காது கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று அங்கே வழி சொல்லுகிறார். கல்லாமைக்குப் பிறகும் ஓர் அதிகாரம் உண்டு என்பதே எனக்குப் போதும்.

ஆனால் கல்வி என்ற பெயரைச் சொல்லிவிட்டால் எல்லாம் நியாயமாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. எனக்கு ஒரு நண்பர் இருந்தார். நல்ல உத்தியோகம். நாற்பதாவது வயதில் ஒரு நாள் உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தார். "மனிதன் கடைசி மூச்சு வரைக்கும் மாணவன், சார்" என்று எங்களிடம் சொல்லுவார். கேட்க நன்றாக இருக்கும். அவர் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. பையனைக் கட்டணம் குறைந்த வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். அந்த அம்மாள் வெளியே ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்த அம்மாளை ஒன்றும் கேட்கவில்லை. முடிவு செய்த பிறகுதான் அறிவித்தார். அவர் இன்று கெட்டிக்கார வக்கீல். வளையல்களும் மீண்டு வந்துவிட்டன. இருந்தாலும், அந்த மூன்று ஆண்டுகளில் படித்தவர் அவர் என்றும், கட்டணம் கட்டியவர் அந்த அம்மாள் என்றும்தான் என் மனம் கணக்கு எழுதுகிறது.

இந்த இரண்டு வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. மற்றொரு வீட்டில் கேட்காமலே எடுத்துக்கொண்டவருக்குக் கிடைத்தது. அதற்கு லட்சியம் என்ற பெயரும் கிடைத்தது. "இந்தப் படிப்பால் என்ன பயன்?" என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டால் என் நண்பர் தேறிவிடுவார். என் தங்கை தவறிவிடுவாள். வக்கீலுக்கு வருமானம் உண்டு. ரவிக்கை தைக்கிறவளுக்கு பி.ஏ. பட்டத்தால் ஒரு ரவிக்கைக்குக் கூலி கூடப் போவதில்லை. ஆகவே அந்தக் கேள்வியே சரியில்லையோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. "இதன் விலை என்ன? அதை யார் கொடுக்கிறார்? அவருக்கு அது தெரியுமா?" என்று கேட்க வேண்டும். இவற்றுக்கு நேராக விடை சொல்ல முடிந்தால் எந்த வயதில் வேண்டுமானாலும் புத்தகத்தைத் திறக்கலாம். விடை சொல்ல முடியாவிட்டால் இருபது வயதில் படித்தாலும் குற்றம்தான்.

நான் தவறான விடை சொன்ன அந்த மேக்குப் பிறகு சில மாதங்கள் சென்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்குப் போயிருந்தேன். வழக்கம்போல் நோட்டை எடுத்துப் பிரித்தேன். மருந்துக்கும் பஸ் செலவுக்கும் நடுவே ஒரு புது வரி இருந்தது. 'என் படிப்பு: 350.' அவ்வளவுதான். அடுத்த மாதமும் அதே வரி, அதே 350.

நிமிர்ந்து பார்த்தேன். மெஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள்: "ராத்திரி ஒரு மணி நேரம் கூடத் தைக்கிறேன் அண்ணா. அசலையும் தொடலே, வட்டியையும் தொடலே. அவள் பீஸ் பணம் தனியா இருக்கு, பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி என்று ஓர் அம்மாள் இருந்தார். 19-ஆம் நூற்றாண்டில், பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலத்தில், சமையலறையில் ஒளிந்துகொண்டு படிக்கக் கற்றவர். ஏட்டில் இருந்து ஒரு பக்கத்தையும், மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக் கற்றார். பிற்காலத்தில் அவரே தம் வாழ்க்கையை எழுதினார். வங்க மொழியின் முதல் சுயசரிதை என்று அதைச் சொல்லுகிறார்கள். மகனுடைய ஓலையைத் தாய் திருடிப் படிக்க வேண்டியிருந்தது. என் தங்கை திருடவில்லை. நான் படித்துப் பார்ப்பேன் என்று தெரிந்தே நோட்டில் எழுதினாள். அண்ணன் மறுத்ததை மீறினாள் என்று சொல்வதற்கும் இடம் இல்லை. யாருடைய பங்கையும் அவள் தொடவில்லை. தன் செலவுக்குத் தன் பெயர் போட்டு ஒரு தலைப்பு ஏற்படுத்திக்கொண்டாள். எனக்குத் தெரியாமல் போன விடையை அவள் ஒரு வரியில் எழுதி வைத்திருந்தாள்.

350 ரூபாய்தானே என்று நினைக்க வேண்டாம். படிப்பின் விலை பணம் மட்டும் அன்று என்பதை அடுத்த வருஷங்களில் நான் பார்த்தேன். சிறுவன் படிக்கும்போது அவன் நேரத்துக்கு விலை இல்லை. வயது வந்தவருக்கு ஒவ்வொரு மணி நேரமும் கூலி. அவளுக்குப் பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் வந்தது. தையற்காரிக்கு ஜூன் என்றால் பள்ளிச் சீருடைக் காலம். டிசம்பர் என்றால் பொங்கல் துணிகள் வந்து குவியும் காலம். ஆண்டின் வருமானம் எந்த வாரங்களில் வருமோ, அந்த வாரங்களிலேயே பரீட்சையும் வந்தது. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ரவிக்கைத் துணி மூட்டை எப்படித் தெரியும்? இரண்டாம் ஆண்டில் ஒரு தாளில் தவறிவிட்டாள். எனக்குச் சொல்லக் கூச்சப்பட்டு, பெண்ணைவிட்டுப் போனில் சொல்லச் சொன்னாள். "அம்மா ஒரு பேப்பர்லே போயிட்டாங்க மாமா. இந்தத் தடவை நான் டெஸ்ட் வைக்கப் போறேன்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை.

வயது வந்தவருக்குக் கல்வி கொடுக்கிறவர்களும் இதைப் புரிந்துகொண்டிருந்தால்தான் இது நடக்கும். 1985-ல் ஏற்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், மூன்று ஆண்டில் முடிக்கக்கூடிய பி.ஏ. படிப்பை ஆறு ஆண்டு வரை நீட்டிக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. அந்த விதியை எழுதியவர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், யாருக்கோ கல்யாணம் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோதும் அப்படித்தான். பகலெல்லாம் உழைத்த பெண்கள் வேலை முடிந்து வந்த பிறகு எழுத்துக் கற்றார்கள். கூடவே சைக்கிளும் கற்றார்கள். அவர்களைப் பகல் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தால் ஒருத்தியும் வந்திருக்க மாட்டாள். பிறகு நாம், "இவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதியிருப்போம். என் தங்கை சேர்ந்திருந்த இடத்திலும் அவளுக்கு இப்படி அவகாசம் இருந்தது. தவறிய தாளை டிசம்பரில் மறுபடி எழுதித் தேறினாள். அந்தப் பொங்கலுக்குத் தைக்க வந்த துணியில் பாதியைத் திருப்பி அனுப்பினாள். அதையும் நோட்டில் எழுதியிருந்தாள்: 'வரவு குறைவு, பரீட்சை.'

2016-ல் பெண் படித்து முடித்து வேலைக்குப் போனாள். அடுத்த ஆண்டு தாய் பி.ஏ. தமிழ் தேறினாள். அவளுக்கு உத்தியோகம் ஒன்றும் வரவில்லை. இன்றும் அதே மெஷின், அதே ஜன்னல் ஓரம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டவில்லை. பாங்கி ரசீதுகளோடு அலமாரியில் வைத்திருக்கிறாள். "இதனால் என்ன கண்டாய்?" என்று ஒரு முறை அத்தை கேட்டபோது, "ஒண்ணுமில்லே அத்தை. பாதியிலே நின்னுபோச்சேன்னு இருந்தது, இப்ப இல்லே" என்றாள். அத்தைக்கு அது ஒரு விடையாகப் படவில்லை.

எனக்கும் கொஞ்ச நாள் வரை அவ்வளவுதான் என்று தோன்றியது. பிறகு ஒரு மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையில் நான் என்னைப் பற்றி உண்மையைச் சொன்னதாக ஆகாது.

நான் எழுதிய கதை ஒன்று உண்டு. பழைய கதை. பெயர் வேண்டாம். இளம் வயதில் கணவனை இழந்த ஒரு தாய், இருபது வருஷம் அப்பளம் இட்டு விற்று மகனைப் படிக்க வைக்கிறாள். பட்டமளிப்பு விழாவில் அவன் கறுப்பு அங்கியோடு வந்து நிற்கும்போது கதை முடிகிறது. அழுதுகொண்டே படித்ததாக எத்தனையோ பேர் எழுதினார்கள். என்னிடம் வந்து சொன்ன தாய்மார்களும் உண்டு. நானும் அதை என் நல்ல கதைகளில் ஒன்றாகவே எண்ணியிருந்தேன்.

தங்கை அந்தத் தொகுதியை மறுபடியும் படித்திருந்தாள். பாடத்துக்காக அன்று, சும்மா. காபியை வைத்துவிட்டு, அன்று நின்ற அதே இடத்தில் நின்று கேட்டாள்:

"அண்ணா, அந்தக் கதையிலே வர அம்மா இருபது வருஷமும் தனக்குன்னு ஒண்ணுமே ஆசைப்படலியே, அது எப்படி?"

கேலியாகக் கேட்கவில்லை, குற்றமாகவும் கேட்கவில்லை. பரீட்சைக்குப் படித்தவள், விளங்காத இடத்தை ஆசிரியரிடம் கேட்பதுபோல் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாய்க்கு ஆசை இல்லை என்று நான் எழுதவில்லை; அவளுக்கு ஆசை இருக்குமா என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரிக்காமலே அவளைத் தெய்வம் ஆக்கிவிட்டேன். தெய்வத்துக்குச் செலவுக் கணக்கு வேண்டியதில்லை அல்லவா? 2012 மே மாதத்தில் என் தங்கையிடம் "அப்புறம்" என்று சொன்னபோது, அந்தக் கதையை எழுதிய அதே கைதான் பேனாவை மூடாமல் வைத்திருந்தது. நம்முடைய கதைகளைப் படித்து அழுத வாசகர்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய், எதிரே நிற்கிற தாயிடமும் தங்கையிடமும் இதே 'அப்புற'த்தைச் சொல்லியிருந்தால் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

கதை அச்சாகிவிட்டது. இனி அதைத் திருத்த முடியாது. திருத்தினாலும் அது பொய்யாக இருக்கும். நான் செய்யக்கூடியது ஒன்றைத்தான் செய்தேன். திருச்சிக்கு வந்ததும் எங்கள் வீட்டு நோட்டை எடுத்துப் போன பத்து ஆண்டுகளில் நான் வாங்கிய புத்தகங்களுக்கு எங்கேயாவது ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. என் மனைவியைக் கூப்பிட்டு, "உனக்கு என்றைக்காவது ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது உண்டா?" என்று கேட்டேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். "இப்பத்தான் கேட்கத் தோணித்தா?" என்றாள். பிறகு பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். நான் அந்த நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.